ஆட்களை வேறு உலகத்தில் மாட்டிவிடப் போகிறேன், ஆட்டம் உடையாமல் செய்வது எப்படி?

கோத்தகிரி மூடுபனி:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் நாங்கள் ஆறு பேர் இரண்டு வருஷமாக டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை ஆட்டம் ஆடுகிறோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா வீட்டு மாடியில் கூடினால் இருட்டும்வரை ஓடும். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். ஃபைட்டர் (சண்டைக்காரர்), ரோக் (திருடர்), விஸார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி), ட்ரூயிட் (காட்டுச் சாமியார்) என்று ஐந்து கேரக்டர்கள், எல்லோரும் 7ஆம் லெவல்.

கதை நடப்பது ஒரு மலைக் கணவாயில். அங்கே பாழடைந்து கிடந்த ஒரு சத்திரத்தை இவர்களே சொந்தக் காசிலும் கொஞ்சம் கடன் வாங்கியும் எடுத்துக் கட்டினார்கள். கூரைக்கு எத்தனை பொன், அடுப்படிக்கு எத்தனை பொன் என்று ரோக் ஆடுகிறவர் தனி நோட்டே போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார். நொண்டிக் கோவேறு கழுதை ஒன்றை விற்க மனசில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் கடைசி ஆறேழு செஷனாகச் சத்திரத்தை விட்டு யாரும் நகர்வதில்லை. எந்த வம்பு வந்தாலும் காவல் தலைவரைக் கூப்பிடு, கோயிலுக்கு ஆள் அனுப்பு, தெரிந்த வியாபாரியிடம் சொல்லி வை என்று ஊர்க்காரர்களை வைத்தே முடித்துவிடுகிறார்கள். கையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, கூப்பிட ஆளில்லாத இடத்தில் இந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ஃபேவைல்டு என்ற மாய உலகத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். சத்திரத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு பழைய கல் வளைவு இருக்கிறது, அதற்குள் துரத்திக்கொண்டு போனால் வளைவு மூடிக்கொள்ளும். ஆறிலிருந்து எட்டு செஷன் அங்கே.

பயம் என்னவென்றால் இதை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்து ஆட்டத்தையே கெடுத்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்பு கோவையில் படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு குழு. அவர்களை ஷேடோஃபெல் என்ற இருள் உலகத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியை ரகசியமாக வைத்தால்தான் விறுவிறுப்பு என்று நினைத்தேன். மூன்று செஷன் அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் நான் "இது இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது செஷனுக்கு இரண்டு பேர் வரவில்லை. அதோடு முடிந்தது. ஒரு நண்பன் அன்றைக்குச் சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது: "என் கேரக்டரோட ஊரையே நீ எடுத்துட்டேடா."

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. முன்கூட்டியே சொல்லிவிடவேண்டுமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? ஸ்பெல் (மந்திரம்) போட்டு இரண்டாம் நாளே தப்பித்துவிட்டால் என்ன செய்வது? காலம் வேறுவேறு வேகத்தில் ஓடும் அந்த விதியை வைத்துக்கொள்ளலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ணைக்காடு டிஎம்:

தம்பி, உன் ஹாஸ்டல் ஆட்டம் ஏன் உடைந்தது என்பதை நீயே எழுதிவிட்டாய். "இது இல்லை" என்று மூன்று செஷன். அந்த மூன்று செஷனில் அவர்கள் எடுத்த ஒரு முடிவாவது எதையாவது மாற்றியதா? மாட்டிக்கொண்டதற்காக யாரும் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை, நாம் என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும்போதுதான் போகிறார்கள். திரிசங்குவுக்காவது தலைகீழாகத் தொங்க ஒரு சொர்க்கம் கிடைத்தது, உன் ஆட்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

நான் கொடைக்கானல் பக்கம் பதினோரு வருஷமாக நடத்துகிறேன், மூன்று கேம்பைனில் (நீண்ட தொடர்கதை ஆட்டத்தில்) ஆட்களை வெளியுலகத்தில் மாட்டிவிட்டிருக்கிறேன். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதல் ராத்திரியே வழியைக் காட்டிவிடு, வழிக்கு என்ன விலை என்பதையும் சொல்லிவிடு. வழி தெரிந்தபிறகு, அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா, யார் கொடுப்பது, அதைவிட மலிவான வழி உண்டா என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சிலேயே உனக்கு ஆறு செஷன் ஓடிவிடும். வழியை ஒளித்துவைத்தால் கிடைப்பது தேடல் மட்டும்தான்.

விலைக்கு விதிப் புத்தகத்திலேயே நல்ல சரக்கு இருக்கிறது. உலகம்விட்டு உலகம் கொண்டுபோகும் பிளேன் ஷிஃப்ட் ஸ்பெல்லை எடுத்துக்கொள். 7ஆம் நிலை ஸ்பெல், 13ஆம் லெவல் ஆள்தான் போடமுடியும், எட்டுப் பேர்வரை கைகோர்த்து நின்றால் எல்லோரையும் கொண்டுபோகும். அதற்கு ஓர் உலோகக் கவை வேண்டும், குறைந்தது 250 பொன் மதிப்பு, ஒவ்வொரு உலகத்துக்கும் தனித்தனிக் கவை. கொஞ்சம் யோசித்துப் பார். ஃபேவைல்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம் உன் கணவாய் இருக்கும் உலகத்தின் கவை எதற்காக இருக்கும்? முன்பு யாரோ இங்கிருந்து அங்கே போய்வந்திருந்தால்தான் இருக்கும். யார் அவன், திரும்பி வந்தானா, கவை இப்போது யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது? அதோடு அந்த ஸ்பெல் நினைத்த வாசலில் இறக்கிவிடாது, அந்த இடத்திலோ அதற்கு அருகிலோதான் இறக்கும். அதனால் ஊருக்கு வந்தபிறகும் ஒரு நடை பாக்கி இருக்கும்.

அப்புறம் கிளெரிக். 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற டி அண்ட் டி தொகுப்பில் தெய்வம் இருக்கும் உலகத்திலிருந்து தள்ளிப் போகப்போக கிளெரிக்கின் பலம் குறையும் என்று இருந்தது. யாராவது அதைக் கொண்டுவரச் சொல்வார்கள், வேண்டாம். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் கையைக் கட்டிவிட்டது மாதிரி ஆகிவிடும். அதே பிளேன்ஸ்கேப்பிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம்: கதவு என்பது வளைவோ ஜன்னலோ, நாலு பக்கம் அடைபட்ட எந்த இடமாகவும் இருக்கலாம், அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி ஒரு பொருளாகவோ சொல்லாகவோ சைகையாகவோ இருக்கலாம். உன் கல் வளைவுக்கு அப்படியே பொருந்தும்.

தப்பித்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். உன் விஸார்டும் கிளெரிக்கும் 7ஆம் லெவல் என்றால் இருவரும் பேனிஷ்மென்ட் என்ற 4ஆம் நிலை ஸ்பெல் போடலாம். 2014 விதிப்படி, அந்த உலகத்தைச் சேராத ஒருவர்மேல் அதைப் போட்டு ஒரு நிமிஷம் கவனம் சிதறாமல் பிடித்துவிட்டால் அவர் சொந்த உலகத்துக்கே போய்விடுவார், திரும்பி வரமாட்டார். 2024 விதியில் இதைச் சில வகை உயிர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள், மனுஷர்களுக்குப் பலிக்காது. நீ பழைய விதியில் ஆடுவதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. தயவுசெய்து அதை அடைக்காதே! 7ஆம் லெவலில் ஆளுக்கு ஒரே ஒரு 4ஆம் நிலை ஸ்லாட், அதாவது அந்த நிலை ஸ்பெல் போட ஒரு வாய்ப்பு. ஆக ஒரே நாளில் எல்லோரையும் அனுப்பமுடியாது. ஆள் குறையக் குறைய அங்கே மிச்சம் நிற்பவர்களுக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும், கடைசியில் ஸ்பெல் போட்டவரை அனுப்ப ஆளே இருக்காது. தன்மேலேயே போட்டுக்கொள்ளலாமா என்பது நீ சொல்லவேண்டிய தீர்ப்பு. என் மேஜையில் முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். யார் கடைசியில் நிற்பது என்று அவர்கள் ஒன்றரை மணிநேரம் பேசினார்கள், நான் வாயே திறக்கவில்லை. அந்த ஸ்பெல்லுக்கு, அனுப்பப்படுகிறவருக்குப் பிடிக்காத ஒரு பொருள் கையில் வேண்டும். விஸார்ட் ஆடிய பெண் ஒவ்வொரு நண்பனுக்கும் எது பிடிக்காது என்று யோசித்து யோசித்து எடுத்தாள். ஒருவனுக்குக் காய்ந்த பாகற்காய் வற்றல். இன்னொருவனுக்கு அவன் அப்பா அனுப்பிய கடிதம். அந்தக் கடிதத்தை அவள் எடுத்ததும் மேஜையில் ஒரு சத்தம் இல்லை.

காலத்தைப் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

வெலிங்டன் கிளெரிக்:

நான் டிஎம் இல்லை, ஆடுகிற ஆள். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

2009 நவம்பர் மண்சரிவு நினைவிருக்கிறதா? நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனவர் கீழேயே மாட்டிக்கொண்டார். பர்லியாறு ரோடு அடைபட்டுவிட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் யாரிடமோ போன் வாங்கிப் பேசினார், எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, பொக்லைன் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான், அவர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் ஆனது, ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பு எரிந்தது. நாங்கள் குழந்தைகள் தாளில் ரோடு வரைந்து, பொக்லைன் இப்போது இங்கே இருக்கும் என்று புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டிருந்தோம். மலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். குன்னூர் ரோடு போனால் கோத்தகிரி ரோடு, அதுவும் போனால் மஞ்சூர், கெத்தை வழி. ரோடு அடைபட்டது பெரிய விஷயமே இல்லை, எந்த ரோடு அடைபட்டது என்று தெரியாமல் இருப்பதுதான் தாங்காது.

போன வருஷம் எங்கள் டிஎம் எங்களை ஆஸ்ட்ரல் வெளி என்ற, உலகங்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். உண்மையில் எங்கள் ரோக்தான் காரணம், சண்டையில் தோற்கும் நேரத்தில் பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப் பையைத் தூக்கி போர்ட்டபிள் ஹோல் என்ற மாயக் குழிக்குள் போட்டுவிட்டான். இரண்டும் அழிந்து, பத்தடிக்குள் நின்ற எல்லோரையும் அந்த ஓட்டை இழுத்துக்கொண்டது, எதிரியையும் சேர்த்து. நாங்களே செய்த வேலை என்பதால் யாருக்கும் கோபம் வரவில்லை. மூடுபனி, நீங்கள் இதைக் கவனிக்கவேண்டும். உங்கள் கல் வளைவுக்குள் அவர்கள் துரத்திக்கொண்டு போனால் மூடிக்கொள்ளும் என்கிறீர்கள். போகாமல் நின்றுவிட்டால்? நிற்கவும் முடியவேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கிறது, பறவைச் சத்தம் தெரிந்த பறவையுடையதாக இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி, "உள்ளே போகிறீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். தன் வாயால் "போகிறேன்" என்று சொன்னவர் பிறகு உங்களைக் குறைசொல்லமாட்டார்.

இன்னொன்று, இதற்காகத்தான் எழுதவே வந்தேன். என் கேரக்டரிடம் செண்டிங் இருந்தது. 3ஆம் நிலை ஸ்பெல், தெரிந்த ஒருவருக்கு 25 சொல்லில் செய்தி அனுப்பலாம், அவரும் உடனே அதே அளவில் பதில் சொல்லலாம். வேறு உலகத்துக்கும் போகும், நூற்றில் ஐந்து தடவை போய்ச்சேராது. ஊரை முழுக்கப் பறிக்காதீர்கள், இந்த ஒரு நூலை விட்டுவையுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் ஆட்டத்தின் கடைசியில் நான் ஒரு செய்தி எழுதுவேன். தமிழில் எழுதும்போது இதில் ஒரு சுகம் இருக்கிறது, "வந்துகொண்டிருக்கிறோம்" என்பது ஒரே சொல். இடைவெளி விடாமல் எழுதினால் ஒரு சொல் என்று எங்கள் டிஎம் ஒப்புக்கொண்டார், ஆனால் சேர்த்தெழுதுவது வழக்கத்தில் இருக்கவேண்டும், ஏமாற்றக்கூடாது. மற்ற நாலு பேரும் என் தோள்மேல் எட்டிப்பார்த்து, இதைச் சேர், அதை எடு என்பார்கள். எட்டு செஷன் ஆஸ்ட்ரலில் ஆடியதில் சண்டைகள் பாதி மறந்துவிட்டது, அந்தச் செய்திகள் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கூடலூர் ட்ரூயிட்:

சாப்பாட்டுக் கஷ்டம் காட்டி நெருக்கலாம் என்று யாராவது நினைத்தால் அது நடக்காது. ட்ரூயிட்டிடம் குட்பெர்ரி என்ற பசி தீர்க்கும் பழ ஸ்பெல் இருக்கும், கிளெரிக் கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் போட்டால் பதினைந்து பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. ஆஸ்ட்ரலில் பசியே எடுக்காது, வயதும் ஏறாது. அதனால் நெருக்கடி ஊரிலிருந்து வரட்டும். இவர்கள் இல்லாத நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் வயிற்றைப் பிசையும்.

நாங்கள் காடாறு மாதம் நாடாறு மாதம் மாதிரி ஆடினோம். விக்கிரமாதித்தன் கதைக் கணக்குதான். ஒரு செஷன் வெளியுலகத்தில், அடுத்த செஷன் ஊரில். ஊர் செஷனில் அதே ஆட்கள் வேறு கேரக்டர் எடுப்பார்கள், சமையல்காரர், காவல் தலைவர், குதிரை பார்க்கிற பையன் என்று. இவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாமலே அவர்கள் அந்த வீட்டைக் காப்பாற்றவேண்டும். மூடுபனி அண்ணா, உங்கள் சத்திரத்துக்கு இது நன்றாக வரும். ஊரைப் பறித்துவிட்டீர்கள் என்ற பேச்சே எழாது. ஒரே குறை, கதை மெதுவாக நகரும், எட்டு செஷன் என்பது பதினாறாகிவிடும்.

மஞ்சூர் விஸார்ட்:

ஃபேவைல்டு எதற்கு, நம் ஊரிலேயே இருக்கிறதே. நீலகிரிப் பழங்குடியான தோடர்களுக்கு இறந்தவர்கள் போகும் உலகம் மேற்கே இருக்கிறது, முக்குருத்தி மலையிலிருந்துதான் அங்கே போகிறார்கள் என்பார்கள். அதையே வெளியுலகமாக வைத்தால் வேறு யாரிடமும் இல்லாத கேம்பைன் ஆகிவிடும். இல்லையென்றால் அதலம், விதலம், சுதலம் என்று கீழே ஏழு, மேலே ஏழு, பதினான்கு லோகம் நம்மிடம் இருக்கிறது.

பண்ணைக்காடு டிஎம்:

மஞ்சூர் தம்பி, பதினான்கு லோகத்தை எடுத்துக்கொள், எல்லோரும் கதையாகச் சொல்லிப் பழகியது. தோடர் உலகத்தை விட்டுவிடு. இப்போதும் மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) ஆட்கள் இருக்கிறார்கள், தாத்தா பாட்டியை அங்கே அனுப்பிவைத்ததாக நம்புகிறார்கள். அதில் போய் அரக்கனை வைத்து டைஸ் உருட்டுவது சரியாக வராது. உன் மேஜையில் ஒரு தோடர் நண்பர் உட்கார்ந்து அவரே வைக்கலாம் என்றால் அது வேறு. மலையிடமிருந்து வேறு என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள், மூடுபனி, அட்டைப்பூச்சி, கொண்டை ஊசி வளைவு, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. அதையெல்லாம் பார்த்தவர்களுக்கு வேறு உலகத்தை வர்ணிக்கக் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை.

இப்போது காலத்தைப் பற்றி. 2014 டிஎம் புத்தகத்தில் ஃபேவைல்டுக்கு ஒரு விருப்ப விதி இருக்கிறது. அங்கிருந்து வெளியே வரும்போது டி20, அதாவது இருபது முக டைஸ், உருட்டவேண்டும். 7இலிருந்து 13 வந்தால் ஒன்றும் மாறாது. குறைந்த எண் வந்தால் அங்கே கழிந்த நாட்கள் இங்கே மணிக்கணக்கு, நிமிஷக்கணக்கு ஆகும். 14இலிருந்து 17 என்றால் நாளுக்கு ஒரு வாரம், 18, 19 என்றால் நாளுக்கு ஒரு மாதம், 20 என்றால் நாளுக்கு ஒரு வருஷம். ரைவத மன்னன் மகளோடு பிரம்மலோகம் போய்ப் பாட்டு முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுத் திரும்பினால் இங்கே யுகங்கள் கழிந்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை.

நான் இதை ஒரு தடவை வைத்தேன். எங்கள் பக்கம் குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பளியர் பழங்குடிகள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள். என் கேம்பைனிலும் அந்தப் பூவை வைத்திருந்தேன். ஆட்கள் ஃபேவைல்டுக்குள் போனபோது மலை முழுக்க நீலம். உள்ளே பன்னிரண்டு நாள் இருந்தார்கள். காலம் எப்படியும் ஆகலாம் என்று முதல் நாளே ஒரு கிழவி சொல்லிவிட்டாள், அந்த அட்டவணையையே அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். வெளியே வரும்போது ஃபைட்டர் ஆடுகிறவரையே உருட்டச் சொன்னேன். 20. வேறு எந்த நேரமாக இருந்தாலும் 20 விழுந்தால் கத்துவார்கள். அன்றைக்கு அவர் டைஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்தால் மலை நீலமாகப் பூத்திருக்கிறது. அப்பாடா, அதே பருவம்தான், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "இல்லை, இது அடுத்த பூ" என்றார். ஒன்பது வயதில் குதிரை லாயத்தில் விட்டுவிட்டுப் போன பையன் இருபத்தொரு வயதில் வாசலில் நின்றான். யாரும் என்னைக் கோபிக்கவில்லை, ஏனென்றால் அட்டவணை எட்டு செஷனாக அவர்கள் கண்ணெதிரே இருந்தது, அதிகம் தங்கவேண்டாம் என்று அவர்களே இரண்டு தடவை பேசி, தங்குவது என்று முடிவும் செய்திருந்தார்கள். மறைவாக உருட்டி, "பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது" என்று நான் அறிவித்திருந்தால் அதே சம்பவம் அநியாயமாகத் தெரிந்திருக்கும்.

ஷேடோஃபெல்லை விட ஃபேவைல்டு நல்ல தேர்வு. ஷேடோஃபெல்லில் மனச்சோர்வு விதி ஒன்று இருக்கிறது, தோற்றால் சோம்பலும் பயமும் கேரக்டரைப் பிடித்துக்கொள்ளும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து அதை ஆட யாருக்குப் பிடிக்கும்?

முன்கூட்டியே சொல்வதா என்று கேட்டிருந்தாயே. என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டாம். "கொஞ்ச நாள் சத்திரம் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும், திரும்பி வரும்போது இருக்கும், ஆனால் மாறியிருக்கலாம், சம்மதமா?" என்று மட்டும் கேள். சம்மதம் இல்லை என்று ஒருவர் சொன்னாலும் இதைச் செய்யாதே.

கோத்தகிரி மூடுபனி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், இதற்குள் இரண்டு செஷன் முடிந்துவிட்டது.

பண்ணைக்காடு அண்ணா சொன்னபடி முதலில் கேட்டேன். நாலு பேர் உடனே சரி என்றார்கள். ரோக் ஆடுகிறவர் மட்டும், "சத்திரம் இருக்கும்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். இருக்கும் என்றேன். சரி என்றார்.

வளைவுக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். ட்ரூயிட் கொஞ்சம் தயங்கி, மற்றவர்கள் போனபிறகு கடைசியாகப் போனார். அந்தத் தயக்கத்தையே அப்புறம் கதையில் பயன்படுத்திக்கொண்டேன்: வளைவு முதல் பனி விழும்போது மறுபடியும் திறக்கும், ஆனால் கடைசியாக உள்ளே வந்தவர் அங்கேயே தங்கவேண்டும். இதை முதல் ராத்திரியே ஒரு படகுக்காரி சொல்லிவிட்டாள். இன்னொரு வழி, நம் உலகத்துக் கவை. அது அங்கே ஒரு பிரபுவின் இசை ஆசானிடம் இருக்கிறது, அவன் அதை வைத்துத்தான் யாழுக்குச் சுருதி கூட்டுகிறான், விற்கமாட்டான், ஆனால் அவனுக்குத் தெரியாத ஒரு தாலாட்டைக் கொடுத்தால் மாற்றிக்கொள்வான். கொடுத்தவருக்கு அந்தத் தாலாட்டு அதன்பின் நினைவிலேயே இருக்காது. மூன்றாவது வழியான பேனிஷ்மென்ட்டை நான் சொல்லவில்லை, விஸார்ட் ஆடுகிறவரே புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் அவர் முகம் மலர்ந்தது, ஸ்லாட்டை எண்ணியதும் வாடியது. ஹாஸ்டல் ஆட்டத்தில் மூன்று செஷனில் வராத பேச்சு இங்கே அரை மணிநேரத்தில் வந்துவிட்டது.

காலத்துக்கு ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வெளியே வரும்போது உருட்டாமல், உள்ளே நுழைந்ததுமே ட்ரூயிட் ஆடுகிறவரை டி20ஐ உருட்டச் சொல்லி, யாரும் பார்க்கும் முன் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டோம். நானும் பார்க்கவில்லை. அட்டவணை பக்கத்திலேயே இருந்தது. இரண்டு செஷன் அந்த டம்ளரைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், முறுக்குத் தட்டை நகர்த்தும்போதுகூட அதைத் தட்டிவிடாமல் கவனமாக நகர்த்தினார்கள்.

போன ஞாயிறு, ஃபேவைல்டில் நான்காம் ராத்திரி, கிளெரிக் செண்டிங் போட்டார். வெலிங்டன் அக்கா சொன்ன அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஐந்து பேரும் சேர்ந்து முக்கால் மணிநேரம் எழுதினார்கள். சத்திரத்துச் சமையல்காரருக்கு. அவர்கள் கிளம்பியது ஐப்பசிக் கடைசியில், அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"ஐவரும் உயிரோடிருக்கிறோம். சத்திரத்தைப் பூட்டாதீர்கள். மாடத்து விளக்கை அணையவிடாதீர்கள். கழுதைக்கு ராத்திரி வெந்நீர் வையுங்கள். கடன்காரருக்குத் தை மாதம் தருவதாகச் சொல்லுங்கள். வழி தெரிந்துவிட்டது, விலைதான் இன்னும் கொடுக்கவில்லை. பனி விழுமுன் வந்துவிடுவோம். காத்திருங்கள்."

எண்ணிப் பார்த்தோம், சரியாக 25. போய்ச்சேருமா என்று நூற்றுக்கு உருட்டினார்கள், சேர்ந்தது. பதில் சொல்வதற்கு அங்கே இப்போது என்ன மாதம் என்று எனக்குத் தெரியவேண்டும். அதனால் டம்ளரைத் தூக்கச் சொன்னேன். ட்ரூயிட்தான் தூக்கினார். 18.

சமையல்காரரின் பதிலை நான் அங்கேயே தாளில் எழுதி, கிளெரிக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்: "தை போய் மாசியும் பாதி போய்விட்டது. பனி விழுந்து கரைந்துவிட்டது. விளக்கு எரிகிறது. கழுதை இருக்கிறது. கடன்காரர் நேற்று வந்து கூரையை அளந்துவிட்டுப் போனார்."

ரோக் ஆடுகிறவர் தன் நோட்டை எடுத்து, கூரைக் கணக்கு எழுதிய பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு எங்கம்மா பாடுன தாலாட்டு ஒண்ணு இருக்கு" என்றார் ஃபைட்டர் ஆடுகிறவர், கேரக்டர் குரலில். மணி ஏழரை. கீழேயிருந்து சித்தி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.